திட்டு வாங்க வந்த சம்பந்திகள்

உங்களை யாரும் திட்டவில்லையே என்று கோபித்துக்கொண்டு, தட்டை ஒதுக்கிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதுண்டா நீங்கள்?

இல்லை என்றால் நீங்கள் குஜராத்தின் கத்தியவார்ப் பக்கத்துக்காரர் இல்லை. ராஜ்கோட்டிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் ஜேத்பூருக்கு வந்து, மகாஜன வாடி என்கிற கல்யாண மண்டபத்தின் மாடியறையில் அப்படித்தான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழே மணமேடையில் சாஸ்திரி தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். மாடியில் என்ன கோளாறு என்று பெண்ணின் தகப்பன் விரஜ்லாலுக்குத் தெரியவில்லை. அவனுடைய அக்கா லாபுபென்னுக்குத் தெரியும். ஆனால் அவளுடைய வாயைக் கட்டிப் போட்டிருந்ததே அவன்தான்.

லாபுபென்னின் வாயைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கல்யாணத்தில் பெண்வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளை வீட்டாரை வாசலிலேயே பிடித்து, மாப்பிள்ளையின் அம்மாவில் தொடங்கி பஸ் டிரைவர் வரைக்கும் வரிசையாக ஏசிப் பாடுவார்கள். ஃபடாணா என்று பெயர். நம் ஊர் சம்பந்தி ஏசல் மாதிரிதான், காரம் மட்டும் இரண்டு பங்கு. பாதர் ஆற்றின் இரண்டு கரையிலும் லாபுபென்னைப் போல ஃபடாணா கட்ட ஆள் கிடையாது. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் வரி வந்து விழும். அவள் புருஷன் கிர்தருக்குக் காது மந்தம். கல்யாணம் இத்தனை நாள் நிலைத்ததற்குக் காரணம் அதுதான் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள்.

அந்த வாய் ஒரே ஒருமுறை தப்பு செய்தது. தம்பியின் மூத்த மகள் தக்ஷாவின் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் பெரியப்பாவைப் பார்த்து, "தலையில இருக்கிற முடிகூட இரவல் முடி" என்று சும்மா ஒரு வரி எடுத்துவிட்டாள். எல்லோருக்கும் பாடுகிற வரிதான். அவர் வைத்திருந்தது நிஜமாகவே டோப்பா என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவருடைய சொந்தப் பெண்டாட்டிக்கே தெரியாது என்று பிறகு சொன்னார்கள். சபை சிரித்த சிரிப்பில் அவர் எழுந்து போனார். அன்றைக்குப் போனவர்கள்தான், இன்றுவரை அந்தக் குடும்பம் ஜேத்பூரில் கால் வைக்கவில்லை. தக்ஷா மட்டும் தீபாவளிக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

அதனால் இளையவள் ஊர்விக்கு இடம் அமைந்தவுடன் விரஜ்லால் நேராக அக்கா வீட்டுக்கு வந்தான். மோகன்தால் இனிப்பு டப்பாவோடுதான் வந்தான். சேலைக்கடைக்காரன், வெறுங்கையோடு பேரம் பேச மாட்டான்.

"அக்கா, சம்பந்தி யாருன்னு தெரியுமா? மன்ஹர்லால் சேஜ்பால். கவிஞர்."

"ஐயையோ! பொண்ணுக்குச் சாப்பாடு போடுவாங்களா?"

"பாத்தியா, ஆரம்பிச்சிட்டியே. கஜல் எழுதறவரு. மூணு புஸ்தகம் போட்டிருக்காரு. ஜாகள்னு புனைபெயர்."

"பனித்துளியா? போட்டோவுல பாத்தா தண்ணித் தொட்டி மாதிரி இருந்தாரே."

"அக்கா!" விரஜ்லால் அவள் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான். "என் மேல சத்தியம் பண்ணு. கல்யாணத்துல நீ வாயத் தொறக்கக் கூடாது. ஃபடாணா கிடையாது. நம்ம தக்ஷாவ நெனச்சுப் பாரு."

தக்ஷாவின் பெயர் வந்ததும் லாபுபென் சத்தியம் செய்தாள். அவன் போன பிறகு மோகன்தால் முழுவதையும் கிர்தரிடம் தள்ளிவிட்டாள்.

விரஜ்லால் அத்தோடு நிற்கவில்லை. சம்பந்தி அன்பளிப்பாகக் கொடுத்திருந்த மூன்று கவிதைப் புத்தகங்களையும் கடையில் உட்கார்ந்து படித்தான். அவனுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல், 'மௌனம்'. அது பக்கத்துக்குப் பக்கம் வந்தது. ஆகவே இந்த மனிதருக்குப் பிடித்தது மௌனம் என்று முடிவு கட்டினான். பாண்டு வாத்தியம் வேண்டாம் என்றான். மச்சினிகள் மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்துவைத்து வம்பு செய்வார்களே, அது வேண்டாம் என்றான். மாமியார் மாப்பிள்ளையின் மூக்கைப் பிடித்து இழுத்துத்தான் வாசலுக்குள் விட வேண்டும், அதையும் "பட்டும் படாமலும் செய்" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவைத்தான். மெல்லிய குரலில் பாடுகிறவன் ஒருவனை ஆர்மோனியத்தோடு ஏற்பாடு செய்தான். அந்த ஆள் வழக்கமாகத் துக்கம் விசாரிக்கும் கூட்டங்களில் பஜனை பாடுகிறவன். அன்று பிற்பகல் அதே ஊரில் அவனுக்கு அப்படியொரு கூட்டம் இருந்ததால் வண்டிச்செலவு மிச்சம், பாதி விலைக்கு வந்தான். அந்தப் பாதி விலைச் சமாச்சாரத்தை விரஜ்லால் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும்தான் சொன்னான். சொல்லி, தானே சிரித்துக்கொண்டான்.

கல்யாண நாள் காலையில் ராஜ்கோட் பஸ் வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் மன்ஹர்லால். பஸ் ஒரு பக்கம் நிமிர்ந்தது. பின்னால் அவர் மனைவி தருலதா, தங்கச் சரிகை போட்ட பட்டோலாப் பட்டுச் சேலையில், தேர் போல இறங்கினாள். இறங்கி, முந்தானையைச் சரிசெய்து, தலையை நிமிர்த்தி, பெண்வீட்டு வாசலைப் பார்த்து நின்றாள். எதற்காக நிற்கிறாள் என்று லாபுபென்னுக்கு உடனே புரிந்தது. போட்டோவுக்கு நிற்பது போல, திட்டுக்கு நின்றாள்.

வாசலில் பெண்வீட்டுப் பெண்கள் கை கட்டி நின்றார்கள். ஒலிபெருக்கியில் ஆர்மோனியக்காரன், படகு அக்கரை சேர்வதைப் பற்றியும் ஆன்மா கூட்டைவிட்டுப் பறப்பதைப் பற்றியும் உருக ஆரம்பித்தான். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு கிழவர் பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு, "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

மாமியார் மாப்பிள்ளையின் மூக்கை ஒற்றை விரலால், சூடான தோசைக்கல்லைத் தொடுவது போலத் தொட்டாள். மாப்பிள்ளை நிகுஞ்ச் பாவம், இழுப்பதற்கு வாகாக மூக்கை நீட்டிக் குனிந்தவன், அப்படியே குனிந்தபடி நின்றான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். செருப்பு வைத்த இடத்திலேயே இருந்தது.

லாபுபென்னின் நாக்கு உள்ளே துள்ளியது. அந்தப் பட்டோலாவுக்கு இரண்டு வரி, வயிற்றுக்கு நாலு வரி, டிரைவரின் மீசைக்கு ஒன்று, எல்லாம் தயாராக வந்து பல்லுக்குப் பின்னால் வரிசையில் நின்றன. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பார்த்தவர்கள், அத்தை இப்போதே அழ ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் மாடிக்குப் போனார்கள். காந்தியா என்கிற கடலைமாவுக் காரமும் ஜிலேபியும் மேலே போயின. போனது போலவே திரும்பி வந்தன.

"பசியில்லையாம்," என்றான் பரிமாறப் போனவன்.

ராஜ்கோட்டுக்காரனுக்குக் காலையில் காந்தியாவைப் பார்த்துப் பசியில்லை என்றால் அது வியாதி, அல்லது கோபம். விரஜ்லால் மேலே ஓடினான்.

"சம்பந்தி, ஏதாவது குறையா?"

"குறையா? ஒரு குறையும் இல்லையே. எல்லாம் ரொம்ப மரியாதையா இருக்கு," என்றார் மன்ஹர்லால். 'மரியாதை' என்ற சொல்லைக் கல்லைத் துப்புவது போலத் துப்பினார்.

விரஜ்லால் கீழே வந்து ஜிலேபியை மாற்றிச் சூடாகப் போடச் சொன்னான். அதுவும் திரும்பியது. ஏசி சரியில்லையோ என்று ஆள் விட்டான். பிறகு பீடா அனுப்பினான். பிறகு சமூகப் பெரியவரான மகாஜனத் தலைவரையே அனுப்பினான். தலைவர் போய்ப் பொத்தாம் பொதுவாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்கக் கேட்க மேலே முகங்கள் இன்னும் நீண்டன. முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

லாபுபென் தம்பியை மாடிப்படி ஓரம் இழுத்தாள்.

"டேய் விரஜு, அவங்களுக்கு வேண்டியது ஜிலேபி இல்லடா. திட்டு."

"அக்கா, உனக்குப் பைத்தியமா?"

"அந்தம்மா எப்படி நின்னா பாத்தியா? நாம ஒரு வார்த்தை சொல்லல. ஏசறதுக்குக்கூட லாயக்கில்லாத குடும்பம்னு நெனச்சிட்டோம்னு அவங்க நெனச்சிட்டாங்க."

"அவரு மௌனத்தப் பத்தி மூணு புஸ்தகம் எழுதினவரு!"

"பேச ஆளில்லாதவன்தான்டா மௌனத்தப் பத்தி எழுதுவான்."

"என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்க. நீ வாயத் தொறந்தா நான் செத்தேன்." அவன் அடுத்த மன்னிப்பைத் தேடிச் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டான்.

மணப்பெண் அறையில் ஊர்வி சிவப்பும் வெள்ளையுமான பானேத்தர் சேலையில், ஐஸ்கிரீம் கடை பொம்மை மாதிரி ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். ஆடினால் அலங்காரம் கலைந்துவிடும். கண் மட்டும் அத்தையைத் தேடியது.

"அத்தை, பஸ்ஸ திருப்பிட்டுப் போயிடுவாங்களா?"

"பேசாம இரு. மை கரையும்."

"எங்க அக்காவுக்கு வந்த மாதிரியே எனக்கும் வந்துடுச்சு, இல்ல?"

லாபுபென் வெளியே வந்தாள். கைகழுவும் இடத்தில் தருலதா தனியாக நின்றுகொண்டிருந்தாள். சேலைத் தலைப்புக்குக் குத்த ஊசி ஒன்று வேண்டுமாம். மாடியில் அத்தனை பெண்கள் இருக்க, ஊசிக்காகக் கீழே வந்திருக்கிறாள்.

"இருங்க, நான் குத்திவிடறேன் சம்பந்தியம்மா," என்றாள் லாபுபென்.

"குத்துங்க. அதுக்காவது ஆள் இருக்கே." தருலதா தோளைக் காட்டினாள். "ஜேத்பூர்ல ஒரு பொம்பளை இருந்தாங்களாம். நாக்கால சுவத்துச் சுண்ணாம்பையே உரிச்சுடுவாங்களாம். பாவம், எப்ப செத்தாங்க?"

"சாகல. கட்டிப் போட்டிருக்கு."

"யாரு கட்டினது?"

"கூடப் பொறந்தவன்."

"ஏன்? எங்களுக்கெல்லாம் மானம் இல்லையா? ராஜ்கோட்டுல ஜனங்க என்ன கேப்பாங்க? 'தருலதா, உன்னை என்னன்னு பாடினாங்க'ன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல? ஆன்மா படகுல போச்சுன்னு சொல்லவா?"

லாபுபென் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு மூணு பசங்க," என்றாள் தருலதா, குரல் இறங்கி. "பெரியவன் டொரண்டோல ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டான். ரெண்டாவதுக்கு மும்பைல ஓட்டல் கல்யாணம், அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க என்னைப் பாத்து நமஸ்தேன்னாங்க, அவ்வளவுதான். என் கல்யாணத்துல என் மாமியாரை எங்க வீட்டுப் பொம்பளைங்க விடிய ஆரம்பிச்சு மத்தியானம் வரைக்கும் நார் நாராக் கிழிச்சாங்க. கிழவி சாகற வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிப் பூரிச்சுக்கிட்டிருந்தா. எனக்கு இவன்தான் கடைசி. இத விட்டா என்னை யாரு திட்டுவா?"

"வீட்டுக்காரரு?"

"அவரு இன்னும் மோசம். நாப்பது வருஷமா ஊர்ல இருக்கிற நெலா, மழை, கண்ணு, காத்து எல்லாத்தப் பத்தியும் பாட்டு எழுதிட்டாரு. அவரைப் பத்தி எவனும் ஒரு வரி எழுதல. நேத்து ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. 'ஜேத்பூர்ல என்னைப் பாடுவாங்க, தரு'ன்னு கொழந்த மாதிரி சொல்லிக்கிட்டிருந்தாரு. இப்ப மேல செவுத்தப் பாத்து உக்காந்திருக்காரு."

லாபுபென் ஊசியைக் குத்தி முடித்தாள். தம்பி உயிரோடு இருப்பது முக்கியம்தான். ஆனால் அவன் செத்துப்போவேன் என்று சொல்வது இது முதல் தடவை இல்லை. பரீட்சையில் தோற்றபோதும் சொன்னான், கடையில் பூனை குட்டி போட்டபோதும் சொன்னான். ஊர்வியோ இதுவரை ஒன்றும் சொன்னதில்லை, இன்றுதான் கேட்டிருக்கிறாள்.

"மேல போய் ஜன்னலத் தொறந்து வையுங்க சம்பந்தியம்மா. காதுல பஞ்சு இருந்தா எடுத்துடுங்க."

தருலதா பட்டோலாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறிய வேகத்தில் ஐம்பத்தாறு வயது காணாமல் போனது.

லாபுபென் முற்றத்துக்கு வந்தாள். ஆர்மோனியக்காரன் ஆன்மாவைப் பாதி ஆற்றில் வைத்திருந்தான். அவன் கையைப் பிடித்து எடுத்துவிட்டு மைக்கைப் பிடுங்கினாள். சமையல்கட்டு வாசலிலிருந்து விரஜ்லால் "அக்கா, வேணாம்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். வழியில் சேர்த்து அடுக்கியிருந்த நாற்காலிகள் தடுத்தன.

"வந்தாங்கம்மா வந்தாங்க ராஜ்கோட்டுச் சம்பந்தி,
வயிறு மொதல்ல வந்துச்சு, ஆளு பின்னால வந்தாரு!
தருலதா அம்மாளுக்குத் தங்கத்துல சேலையாம்,
தவணையில வாங்கினது, தலைப்பு இன்னும் கடையில!"

மாடியில் சத்தமே இல்லை. விரஜ்லால் நாற்காலிக்கு நடுவே நின்று தலையில் கை வைத்துக்கொண்டான். கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னல்கள் திறந்தன. வராந்தாவில் கம்பியைப் பிடித்தபடி மன்ஹர்லால் வந்து நின்றார். கண்கள் மூடியிருந்தன. உதடு துடித்தது. கோபத்தால் என்று விரஜ்லால் நினைத்தான்.

லாபுபென் பின்வாங்கவில்லை. பின்வாங்குகிற வயதும் இல்லை.

"பனித்துளின்னு பேரு வச்சான் பாட்டெழுதும் சம்பந்தி,
பஸ்ஸுல அவன் உக்காந்தா பஞ்சராச்சு டயரெல்லாம்!
மௌனத்தப் பத்தி எழுதினானே மூணு மூணு புஸ்தகம்,
வேர்க்கடலை மடிக்கக்கூட வேணாம்னான் கடைக்காரன்!"

மன்ஹர்லால் கண்ணைத் திறந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. கம்பிக்கு மேலே கையை நீட்டி, கவியரங்கத்தில் நீட்டுவது போல நீட்டி, முழுத் தொண்டையில் சொன்னார்:

"வாஹ்! வாஹ் தாயி! கடைசி வரிய இன்னொரு தடவை!"

இன்னொரு தடவை பாடினாள். அவர் கேட்டுக்கொண்டதால் மூன்றாவது தடவையும். அதற்குள் ராஜ்கோட் கூட்டம் மொத்தமும் படியில் இறங்கிக்கொண்டிருந்தது. என் மூக்கைப் பாடு, என் கண்ணாடியைப் பாடு என்று சித்தப்பாக்கள் முண்டியடித்தார்கள். பஸ் டிரைவர் மீசையை முறுக்கிக்கொண்டு முன்வரிசைக்கு வந்துவிட்டார். ஜிலேபி தட்டுகள் காலியாயின. மாமியார் தைரியம் வந்து நிகுஞ்சின் மூக்கை மறுபடி பிடித்து, இந்தத் தடவை நன்றாக, ஒரு இழு இழுத்தாள். பையன் வலியில் சிரித்தான்.

சாஸ்திரி மந்திரத்தைத் தொடங்கினார், யார் காதிலும் விழவில்லை. ஊர்வியும் நிகுஞ்சும் கை சேர்த்தார்கள்.

இந்த அளவில் நிறுத்தியிருந்தால் நல்ல கல்யாணம். ஆனால் ஏசலில் எதிர்ப்பாட்டு வர வேண்டும். வராவிட்டால் ருசியில்லை. ராஜ்கோட்டுப் பெண்களுக்கு ஆசை இருந்தது, வரி இல்லை. மால்களில் திரிந்து மறந்துபோயிருந்தார்கள். தருலதா எழுந்து, "ஜேத்பூரு... ஜேத்பூரு..." என்று இரண்டு முறை சொல்லி, மூன்றாவது சொல் கிடைக்காமல் முகம் வாடி உட்காரப் போனாள்.

லாபுபென்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மைக்கோடு எழுந்து அந்தப் பக்கம் போய், தருலதாவுக்கு அருகில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் சொல்லச் சொல்லப் பாடுங்க," என்றாள்.

"உங்க தம்பியையா?"

"வேற யாரு இருக்கா? எடுங்க."

தருலதா எடுத்தாள். ராஜ்கோட் மொத்தமும் பின்னால் சேர்ந்துகொண்டது.

"ஜேத்பூரு விரஜ்லாலு சிக்கனத்துல சிங்கமாம்,
திட்டினாலும் செலவாகும்னு வாயக் கட்டிப் போட்டானாம்!
எழவு வீட்டுப் பாட்டுக்காரன் பாதி விலைக்கு வந்தான்னு
மகளோட கல்யாணத்துல மைக்கக் கையில் குடுத்தானாம்!"

சிரிப்பில் பந்தல் கம்பு ஆடியது. ஆர்மோனியக்காரனும் சிரித்தான். "நெசந்தாங்க, அடுத்த கூட்டம் மூணு மணிக்கு இருக்கு," என்று எழுந்து நின்று சொன்னான். மறுபடி ஒரு அலை.

விரஜ்லால் சிரிக்கவில்லை. பாதி விலை என்பது இந்த உலகத்தில் அவனுக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவன் அக்காவை ஒரு பார்வை பார்த்தான். மைக் இன்னும் அவள் மடியில் இருந்தது. அவன் மாடிப்படி ஏறி, மாப்பிள்ளை வீட்டார் காலி செய்துவிட்டு வந்த அதே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். மகாஜனத் தலைவர் போனார். உந்தியு என்கிற காய்கறிக் கூட்டு போனது, திரும்பி வந்தது. "பசியில்லையாம்," என்றான் பரிமாறுகிறவன். கடைசியில் மன்ஹர்லாலே மூச்சு வாங்க ஏறிப்போய்க் கதவைத் தட்டினார்.

"சம்பந்தி, ஏதாவது குறையா?"

"ஒரு குறையும் இல்ல," என்று உள்ளிருந்து பதில் வந்தது.

"யோவ், உம்மைப் பத்தி நாலு வரி பாடியிருக்காங்க. எனக்கு மட்டும் கெடச்சிருந்தா பிரேம் போட்டு மாட்டியிருப்பேன். அழுதுக்கிட்டு உக்காந்திருக்கீரே!"

"நீங்க கவிஞர். நான் கடை வச்சிருக்கேன்."

மன்ஹர்லால் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, இந்தச் சந்தர்ப்பத்துக்குப் பொருந்தும் என்று தனக்குத் தோன்றிய ஒரு கஜலை முழுவதும் சொன்னார். அதில் மௌனம் ஆறு இடத்தில் வந்தது. அதற்கு மேல் தாங்க முடியாமல் விரஜ்லால் கதவைத் திறந்தான்.

அவன் கீழே வந்து மகளை வழியனுப்பினான். ஊர்வியைக் கட்டிக்கொண்டு அழுதான். அக்கா பக்கம் திரும்பவில்லை. பஸ் கிளம்பும்போது தருலதா ஜன்னல் வழியாக லாபுபென்னின் கையைப் பிடித்தாள். "தவணை சேலைன்னீங்களே, அந்த வரிய ஊர்விகிட்ட எழுதி அனுப்புங்க. மறந்துடப் போறேன்," என்றாள். லாபுபென் தலையாட்டினாள். அவள் கண் பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பியின் முதுகில் இருந்தது.

"அத்தை, அப்பா ரெண்டு நாள்ல சரியாயிடுவாரு," என்றாள் ஊர்வி உள்ளிருந்து.

"ஆவான். போடி, போய்ச் சந்தோஷமா இரு," என்றாள் லாபுபென். பாடிப் பாடிக் குரல் அப்போதே கரகரத்தது.

மறுநாள் காலை விரஜ்லால் அக்கா வீட்டைத் தாண்டி நேராகக் கடைக்குப் போனான். லாபுபென் வாசலில்தான் நின்றிருந்தாள். தொண்டை கட்டியிருந்ததால் அவளால் கூப்பிட முடியவில்லை.